கல்திட்டையும் கோளக்கூரையும் காகிதத்தில்

காகிதத்தில் சிறு கட்டடம் செய்பவர் எதையும் செதுக்குவதில்லை, வார்ப்பதும் இல்லை. கட்டடத்தை முதலில் தாளில் விரித்துப் படுக்கவைக்கிறார்; பிறகு மடித்து எழுப்புகிறார். சுவர், கூரை, படி, தூண் எல்லாம் ஒரே தாளில் அக்கம்பக்கமாகக் கிடக்கும். ஓரங்களில் பசை தடவுவதற்கென்று சிறு நாக்குகள் நீட்டிக்கொண்டிருக்கும். வெட்டி, மடிப்புக் கோடுகளை அழுத்தி, நாக்குகளை ஒட்டினால் தட்டைத் தாள் நான்கு பக்கமும் சுற்றிப் பார்க்கும் கட்டடமாகிவிடும். பள்ளிக் கணக்கில் கனசதுரத்தின் 'வலை' என்று படிப்பது இதன் எளிய வடிவம்தான். ஆறு சதுரங்களை ஒட்டி வரைந்து கனசதுரமாக மடிக்க 11 வழிகள் உண்டு. இத்தகைய விரிப்புப் படங்களை அச்சில் முதலில் கொண்டுவந்தவர் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர். 1525இல் வெளியான தன் வடிவியல் நூலில் பல கன உருவங்களை அவர் இப்படி விரித்து வரைந்து காட்டினார்.

இந்தக் கலை முழுவதும் ஒரே ஒரு விதிக்குக் கட்டுப்பட்டது. தாள் ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் வளையும். சுருட்டினால் உருளை வரும். சுண்டல் பொட்டலம் மடித்தால் கூம்பு வரும். இரண்டிலும் தாள் சுருங்குவதும் இல்லை, கிழிவதும் இல்லை. அதே தாளைத் தேங்காய்மேல் சுற்றிப் பார்த்தால் எங்காவது கசங்கியே தீரும். கோளத்தின் பரப்பை இழுக்காமல், கிழிக்காமல் தட்டையாக்க முடியாது என்பதை 1827இல் கணித மேதை கார்ல் ஃபிரீட்ரிஷ் கௌஸ் நிறுவினார். உலக வரைபடத்தில் கிரீன்லாந்து ஊதிப் பெருத்துத் தெரிவதற்கும், காகிதக் குவிமாடம் செய்பவர் தலையில் கைவைத்துக்கொள்வதற்கும் காரணம் ஒன்றே.

ஆகவே காகிதக் கலைஞரின் கண்ணில் கட்டடங்கள் இரண்டு வகை: தாளுக்கு இணங்குபவை, இணங்காதவை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க ஜவ்வாது மலை நல்ல இடம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதி திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சரிவுகளில் இரும்புக்கால மக்கள் எழுப்பிய கல்திட்டைகள் இருக்கின்றன. தட்டையான கற்பலகைகளைத் தவிர அவற்றில் வேறொன்றும் இல்லை. அதே மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், வைணு பாப்பு வானாய்வகத்தின் வெண்ணிறக் கோளக்கூரைகள் காட்டுக்கு மேல் தலைகாட்டுகின்றன. மலையிறங்கினால் திருவண்ணாமலையின் ராஜகோபுரம். இந்த மூன்றையும் தாளில் செய்யக் கற்றவருக்கு உலகில் வேறெந்தக் கட்டடமும் பெரிய புதிராக இருக்காது.

காகிதத்தில் கட்டடம் எழுப்புவது மேலைநாட்டார் கொண்டுவந்த பொழுதுபோக்கு என்று நினைத்துவிடக் கூடாது. முகரம் ஊர்வலத்தில் தூக்கிவரப்படும் தாஜியா, கர்பலாவில் இமாம் ஹுசைன் அடங்கிய தர்காவை நினைவூட்டி மூங்கில் சட்டத்தில் வண்ணத்தாள் ஒட்டிச் செய்யப்படுவது. வரலாற்றுக் கட்டடம் ஒன்றின் காகித வடிவம் என்பதற்கு இந்தியாவில் இதைவிடப் பழகிய சான்று கிடையாது. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியர்கள் இதைக் கரீபியத் தீவான டிரினிடாட்டுக்கும் கொண்டுபோனார்கள். அங்கே 'ஹோசே' என்று பெயர்பெற்ற இந்த ஊர்வலத்தின்மீது 1884 அக்டோபர் 30 அன்று ஆங்கிலேய அரசு துப்பாக்கிச் சூடு நடத்தியது; பலர் இறந்தனர். இன்றும் அங்கே மூங்கிலும் தாளும் கொண்டு குவிமாடங்கள் எழுகின்றன, விழா முடிந்ததும் நீரில் கரைகின்றன. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் தேருக்கு முந்தைய நாள் வலம்வரும் சப்பறமும், மரச்சட்டத்தின்மேல் அலங்காரம் பூட்டி நிறுத்தும் தற்காலிகக் கோபுரமே.

ஜப்பானில் எடோ காலத் தச்சர்கள் தேநீர் இல்லங்களின் சுவர்களைத் தாளில் வரைந்து, தரைப்படத்தின் ஓரங்களில் ஒட்டிவைத்தார்கள். மடித்தால் கட்டுக்குள் அடங்கும்; நிமிர்த்தினால் அறை எழும். ஜன்னல் எங்கே, வெளிச்சம் எப்படி விழும் என்று கட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள உதவிய இந்த வரைபடத்துக்கு 'ஓகோஷி-எசு' என்று பெயர். ஐரோப்பாவில் அச்சுத்தொழில் வளர்ந்த பிறகு வெட்டி ஒட்டும் தாள்கள் குழந்தைகளுக்காகக் கடைக்கு வந்தன. பிரான்சின் எபினால் நகரில் பெல்லரின் குடும்பத்தின் அச்சகமும், ஜெர்மனியின் எஸ்லிங்கனில் 1831இல் தொடங்கிய ஷ்ரைபர் பதிப்பகமும் இதில் பெயர்பெற்றவை.

மிகச் சிறியதில் சாதனை படைத்தவர் இங்கிலாந்தின் ஜெஃப்ரி ஹெய்வே. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் காகிதத்துக்குக் கடும் தட்டுப்பாடு. அந்த 1940களில் அவர் 'மைக்ரோமாடல்ஸ்' என்ற பெயரில் அஞ்சலட்டை அளவுத் தாள்களில் கட்டடங்களையும் ரயில் எஞ்சின்களையும் அச்சிட்டு விற்றார். சுருட்டுப் பெட்டி ஒன்றே பட்டறையாகப் போதும் என்பது அந்த நிறுவனத்தின் விளம்பரம். பஞ்சம் ஒரு கலையை நுணுக்கமாக்கியதற்கு இது நல்ல உதாரணம். இன்று கேனான் போன்ற நிறுவனங்களே உலகப் புகழ்பெற்ற கட்டடங்களின் விரிப்புப் படங்களை இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. அச்சிட்டு வெட்டினால் போதும். ஆனால் ஜவ்வாது மலைக் கல்திட்டைக்கு யாரும் அப்படித் தாள் போட்டுத் தரப்போவதில்லை. அளந்து வரைவதிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கலையின் பாதி ருசியும் அதில்தான் இருக்கிறது.

அளவை முடிவுசெய்வது முதல் வேலை. 1:25 என்றால் அசலில் 25 செ.மீ. உள்ளது தாளில் 1 செ.மீ. ஆகும். வீடு போன்ற சிறு கட்டடங்களுக்கு 1:25 முதல் 1:100 வரை, பெரிய கோயில்களுக்கு 1:250 அல்லது 1:500 பொருந்தும். தாளின் தடிமனையும் இதே கணக்கில் பார்க்க வேண்டும். சாதாரண ஜெராக்ஸ் தாள் சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ளது. தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. திருமண அழைப்பிதழ் போன்ற 200 கிராம் அட்டை கால் மில்லிமீட்டர் இருக்கும். 1:25 அளவில் இந்த அட்டை அசலில் 6 மி.மீ. தடிமனுக்குச் சமம். கற்சுவரை அதில் அப்படியே வெட்டி நிறுத்தினால் தகரம்போலத் தெரியும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். கூரான வெட்டுக்கத்தி, இரும்பு அடிக்கோல், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா, வெள்ளைப் பசை, பல்குச்சி. மை தீர்ந்த பேனா மடிப்புக் கோட்டை அழுத்துவதற்கு. விரல் நகத்தால் நீவி மடிப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கோடு அங்குமிங்கும் ஓடிவிடும். பசையைப் பல்குச்சி முனையில் எடுத்து மெலிதாகப் பூச வேண்டும். தாராளமாக வைத்தால் ஈரம் ஊறித் தாள் உப்பிக்கொள்ளும், காய்ந்த பிறகும் அந்தச் சுருக்கம் போகாது. வெட்டிய விளிம்புகளில் தாளின் வெள்ளை தெரியும். ஒட்டுவதற்கு முன்பே அதே நிறப் பென்சிலால் விளிம்பைத் தேய்த்துவிடுவது அனுபவசாலிகள் வழக்கம்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. ஆலைத் தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். செய்தித்தாளை ஒரு பக்கமாகக் கிழித்தால் நேராகக் கிழியும், மறுபக்கமாகக் கிழித்தால் கோணலாகப் போகும். நேராகக் கிழியும் திசைதான் நாரின் திசை. தூண் அல்லது கோபுர உருளை செய்யும்போது நார் நிற்குநிலையில் இருக்கும்படி தாளை வெட்டினால் சீராகச் சுருளும். குறுக்காக வெட்டினால் பட்டை பட்டையாக முறியும்.

இனி கல்திட்டை. பார்ப்பதற்கு இதைவிட எளிய கட்டடம் இல்லை. பக்கங்களில் செங்குத்தாக நிறுத்திய பலகைக் கற்கள், அடியில் ஒரு பலகை, மேலே பெரிய மூடுகல். பல திட்டைகளில் ஒரு பக்கக் கல்லில் வட்டமான துளை இருக்கும். தொல்லியலார் அதை இடுதுளை என்கிறார்கள். இறந்தவர் நினைவாக எழுப்பப்பட்ட சின்னங்கள் இவை. நிமிர்ந்து நுழைய முடியாத இந்தச் சிறு கல்லறைகளைக் குள்ள மனிதர்கள் வாழ்ந்த வீடுகள் என்று சொல்லும் கதை மலையிலும் உண்டு, தமிழகத்தின் வேறு பல ஊர்களிலும் உண்டு. வேறு சில ஊர்களில் பாண்டவர் வீடு என்பார்கள்.

எல்லாம் தட்டைப் பலகை என்பதால் தாளுக்கு இதில் சிரமமே இருக்கக் கூடாது. ஆனால் உட்கார்ந்து செய்யும்போதுதான் கல்லுக்கும் தாளுக்கும் உள்ள பகை தெரியும். தென்னிந்தியத் திட்டைகள் பலவற்றில் நான்கு பக்கக் கற்களும் பெட்டிபோல மூலைக்கு மூலை பொருந்துவதில்லை. ஒவ்வொரு கல்லும் தன் பக்கத்துக் கல்லைத் தாண்டிச் சற்றே நீண்டு நிற்கும். மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக வடிவம். உள்நோக்கிச் சாயப் பார்க்கும் கல்லை அடுத்த கல் தாங்கும், அதை அதற்கடுத்தது தாங்கும். மேலே டன் கணக்கான மூடுகல் அமர்ந்து எல்லாவற்றையும் இறுக்கிவிடும். சுண்ணாம்பும் இல்லை, சாந்தும் இல்லை, எடையே பசை.

காகிதத்தில் இந்த உத்தி பலிக்காது. 1:25 அளவில் நீளம், அகலம், உயரம் மூன்றும் 25இல் ஒரு பங்காகும்போது கன அளவு 15,625இல் ஒரு பங்காகிவிடுகிறது. காகிதம் கல்லைவிட இலேசானதும்கூட. அசலில் கட்டடத்தை நிறுத்தும் எடை மாதிரியில் காணாமல் போய்விடும், ஊதினால் பறக்கும். அதனால் கல் ஒவ்வொன்றையும் மூடிய மெல்லிய பெட்டியாகச் செய்ய வேண்டும். 1.5 மீட்டர் நீளமும் 15 செ.மீ. தடிமனும் உள்ள பலகை 1:25 அளவில் 6 செ.மீ. நீளமும் 6 மி.மீ. தடிமனும் கொண்ட பெட்டியாகும். மூடுகல்லாக வரும் பெட்டிக்குள் சிறிது மணலோ பழைய நாணயமோ வைத்து ஒட்டினால் எடைக்கு எடையும் ஆயிற்று, மூடுகல்லைக் கழற்றி உள்ளே பார்க்கவும் முடியும்.

விளிம்புதான் அடுத்த சிக்கல். பாறையிலிருந்து பெயர்த்தெடுத்த பலகைக்கு நேர்க்கோடு கிடையாது. கத்தியால் வெட்டிய தாள் விளிம்போ நேராகத்தான் வரும். இங்கே கத்தியை ஒதுக்கி, தாளைக் கையால் கிழிப்பதே சரி. அட்டைப்பெட்டித் துண்டுகளை அடுக்கி ஒட்டி, மேலே கிழித்த தாளைப் போர்த்தினால் பாறையின் சாயல் தானே வந்துவிடும். இடுதுளையை மட்டும் கவனமாக, வட்டமாக வெட்ட வேண்டும். கல்லில் அதைக் கடைந்தவர்கள் அத்தனை சிரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வண்ணம் பற்றி ஒரு சொல். பாறையின் புகைப்படத்தைத் தாளில் அச்சிட்டு ஒட்டுவது இப்போது எளிது, பார்க்கவும் கவர்ச்சிதான். ஆனாலும் வெறும் வெள்ளைத் தாளில் செய்த மாதிரியே சிறந்தது என்று தோன்றுகிறது. கற்கள் ஒன்றையொன்று தாங்கும் அமைப்பு நிழலில்தான் தெளிவாகத் தெரியும். அச்சிட்ட பாசியும் கறையும் அந்த நிழலை விழுங்கிவிடும்.

காவலூர் வேறு கதை. சென்னையில் 1792இல் கட்டடம் கண்ட மதராஸ் வானாய்வகத்தின் வழித்தோன்றல் இது. 1960களின் பிற்பகுதியில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இந்த இடத்தைத் தேர்ந்தவர் வானியல் அறிஞர் வைணு பாப்பு. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. இந்தியாவிலேயே உருவான 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதைக் காண பாப்பு இல்லை, 1982இல் மறைந்துவிட்டார். தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது.

தொலைநோக்கி வானத்தின் எந்த மூலைக்கும் திரும்ப வேண்டும். அதற்காகவே கீழே உருளையான கட்டடம், மேலே சுழலும் அரைக்கோளக் கூரை, கூரையில் அடியிலிருந்து உச்சிவரை திறந்துகொள்ளும் பிளவு. கீழ்ப்பகுதி தாளுக்கு விளையாட்டு. நார் பார்த்துச் சுருட்டினால் ஐந்து நிமிட வேலை. மேல்பகுதியில்தான் கௌஸ் வந்து வழிமறிக்கிறார்.

தப்பிக்க ஒரு வழி, கோளத்தை ஆரஞ்சுச் சுளைபோலப் பட்டை பட்டையாகப் பிரிப்பது. ஒவ்வொரு பட்டையும் அகலத்தில் குறுகியது என்பதால் குறுக்குவாட்டில் வளைய வேண்டிய அவசியம் கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. நெடுக்குவாட்டில் மட்டும் வளைந்தால் போதும். 5 செ.மீ. ஆரமுள்ள அரைக்கோளம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அடிச்சுற்று 31.4 செ.மீ. அதை 12 பட்டைகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றின் அடியகலம் 26 மி.மீ. அடியிலிருந்து உச்சிவரை வளைவின் நீளம் 78.5 மி.மீ. இந்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறியதும் அகலம் 22.7 மி.மீ. இருக்க வேண்டும், மூன்றில் இரு பங்கு ஏறியதும் 13 மி.மீ.; உச்சியில் பூஜ்யம். புள்ளிகளை வைத்து, கைநடுக்கமில்லாமல் வளைகோட்டால் இணைத்தால் பட்டை தயார். அடியிலிருந்து உச்சிக்கு நேர்க்கோடு இழுத்து முக்கோணமாக வெட்டினால் கோளம் வராது, கூடாரம்தான் வரும். பட்டையின் வயிற்றிலுள்ள அந்தச் சிறு புடைப்பில்தான் எல்லாம் இருக்கிறது.

பட்டைகளை 24 ஆக்கினால் கூரை இன்னும் மழமழவென்று வரும். ஒட்ட வேண்டிய விளிம்புகளும் இரட்டிக்கும். 12 போதும். ஒவ்வொரு பட்டையையும் ஒட்டுவதற்கு முன் பேனா உருளையின்மேல் வைத்து நீவி நெடுக்குவாட்டில் வளைத்துக்கொள்ள வேண்டும். நாக்குகளை நேராக விடாமல் சிறு பற்களாக வெட்டிவிட்டால் வளைவோடு ஒத்துப்போகும். கடைசிப் பட்டையை ஒட்டும்போது கை உள்ளே போக இடமிருக்காது என்பது குவிமாடம் செய்யும் எல்லோரும் சந்திக்கும் தொல்லை. வானாய்வகக் கூரை இங்கே கைகொடுக்கிறது: பிளவுக்காக ஒரு பட்டையைத் திறந்தே விட வேண்டும் என்பதால் அதன் வழியே விரலை நுழைத்துக் கடைசி ஒட்டையும் உள்ளிருந்து அழுத்திவிடலாம். கூரையை உருளையோடு ஒட்டாமல் உட்பக்கம் ஒரு காகித வளையம் வைத்து உட்காரவைத்தால் அசலைப்போலவே சுழலவும் செய்யும்.

ராஜகோபுரம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. திருவண்ணாமலைக் கோபுரம் 11 நிலை, 217 அடி, அதாவது சுமார் 66 மீட்டர். 1:250 அளவில் 26 செ.மீ. வரும், மேசைமேல் வைக்கத் தோதான உயரம். நிலைகள் மேலே போகப்போகச் சிறுக்கின்றன; ஒவ்வொன்றும் ஒரு பெட்டி, ஒன்றன்மேல் ஒன்று அமர்கிறது. உச்சிக்கு வந்ததும் பலர் பயப்படுவார்கள். பயப்படத் தேவையில்லை. கோபுரத்தின் தலையில் இருப்பது கோளம் அல்ல, கலசங்களை வரிசையாகத் தாங்கும் 'சாலை' என்ற நீள்கூரை. வில்வண்டியின் கூண்டு மாதிரி ஒரே திசையில்தான் முதன்மையாக வளைகிறது. ஒற்றைத் தாளை வளைத்து வைத்தால் வேலை முடிந்தது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் சிகரம் வளைந்ததுதான். ஆனால் எட்டுப் பட்டை கொண்டது என்பதால், தாளை எட்டாகப் பிரிக்கும் வேலையைச் சிற்பியே செய்துவைத்திருக்கிறார்.

தாள் தோற்கும் இடம் சுதைச் சிற்பங்கள். ஆளுயரச் சிலை 1:250 அளவில் ஆறேழு மில்லிமீட்டர்தான். அதை மடித்துச் செய்ய முடியாது. புள்ளியாகவோ சிறு புடைப்பாகவோ காட்டிவிட்டு நகர்வதே அறிவு. அதற்கு மனம் ஒப்பாதவர்கள் தஞ்சாவூர்க்காரர்களிடம் போகலாம். குளங்களில் வளரும் நெட்டிச் செடியின் தண்டுக்குள் இருக்கும் வெண்மையான சோற்றை மெல்லிய கத்தியால் சீவி, பெரிய கோயிலையும் தாஜ்மகாலையும் கண்ணாடிப் பெட்டிக்குள் எழுப்புகிறார்கள் அவர்கள். காகிதத்தைவிட இலேசான நெட்டி, தந்தம்போன்ற நிறத்தில், எந்தப் பக்கமும் செதுக்க இடம்கொடுக்கும். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

செய்துமுடித்த மாதிரிக்கு எதிரிகள் இரண்டு: ஈரமும் இராமபாணப் பூச்சியும். மலைப்பனியில் திறந்து வைத்தால் தாள் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும். கண்ணாடிப் பெட்டி அவசியம். மைதாப் பசையில் ஒட்டியதைப் பூச்சி தேடிவரும். புத்தகக் கட்டுநர்கள் அதற்காகப் பசையில் சிறிது மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு என்பதால் பிள்ளைகள் கைபடும் வேலைக்குக் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசையே நல்லது.

அளவெடுக்க மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழகத்துக் கல்திட்டைகளில் பல, புதையல் தேடுவோராலும் கல்லுக்காகப் பெயர்த்தெடுப்போராலும் ஏற்கெனவே கலைந்துபோனவை. அளவுநாடா, நோட்டு, புகைப்படக் கருவி தவிர வேறெதுவும் கையில் வேண்டாம். மூடுகல்லின்மேல் ஏறாமல், சாய்ந்திருக்கும் கல்லை நிமிர்த்திப் பார்க்காமல், துளைக்குள் கைவிட்டுத் துழாவாமல் அளந்துவிட்டுத் திரும்புங்கள். எடுத்த அளவுகளை, வெட்டி ஒட்டும் தாளோடு சேர்த்து அருகிலுள்ள பள்ளிக்கும் ஒரு படி கொடுத்துவிட்டு வாருங்கள்.